மேற்குச் சுவர்

வியாழக்கிழமை செபக்கூட்டத்தில்
அவரவர் கருத்தைச் சொல்லச் சொன்னார்கள்.
சவரிராயன் அண்ணன் மகனுக்குப்
படைக்கு வரச்சொல்லித் தாள் வந்திருந்தது.
பிலோமினாவுக்கு மார்பில் கட்டி.
ஞானசவுந்தரியின் மருமகன் மலேசியா போய்ப்
பதினோரு மாதமாய்ப் பேச்சில்லை.
என் முறை வந்தது.
"எல்லாருக்காகவும்" என்றேன்.
பொய்.

நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு ஜன்னலை.

மாந்தலேயில், ஆற்றங்கரைக்கு இந்தப் பக்கம்,
இரண்டாம் மாடி.
என் தையல் எந்திரம் மேற்குச் சுவரைப் பார்த்து நிற்கிறது.
சுவருக்கு அப்பால் ஐராவதி.
பதினாறு வருடமாய் எனக்கு அது
காதில் விழுகிற ஆறு:
படகு எந்திரத்தின் தொண்டைக்கட்டு,
மூங்கில் தெப்பக்காரர்களின் சண்டை.
நடந்தால் ஐந்து நிமிடம்தான்.
ஜூனில் பள்ளி திறக்கும் ஊரில்
பச்சை லுங்கி முந்நூறு தைப்பவளிடம்
அந்த ஐந்து நிமிடம் இருக்காது.

கரண்ட் போன ஓர் இரவு,
ஊசி துணியில் பாதி இறங்கி நின்றபோது
கேட்டேவிட்டேன்.
ஆண்டவரே, ஒரு ஜன்னல்.
அகலம் ஒன்றரை கஜம் போதும்.
அளவு சொல்லிக் கேட்பது
தொழில் பழக்கம், மன்னியும்.

தபசுகாலத்து வெள்ளிக்கிழமை, மதியம்,
உலையில் அரிசி போட்டிருந்தேன்.
தரை என் காலடியில்
உதறிய துணியைப்போல் அலைந்தது.
மேற்குச் சுவர்
முழுதாய் வெளிப்பக்கம் சாய்ந்தது.
தூசி அடங்கியதும்
தெரிந்தது ஆறு.
அவ்வளவு ஆறு.

கீழ்வீட்டு டோ கின் ஏ
என் சுவரின் செங்கல்லுக்கடியில் கிடந்தாள்.
எனக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள்.
தன் புத்தரிடம் அவள்
என்ன கேட்டிருந்தாள், எனக்குத் தெரியாது.

கோயில் முற்றத்தில் கொசுவலைக்குள் படுத்திருந்த சாமியாரிடம்
பாவசங்கீர்த்தனம் செய்தேன்.
"உன் ஜன்னலுக்காகப் பூமியை அசைக்கிறவர் இல்லையம்மா அவர்."
அப்படியென்றால் நான் கேட்டது
அவர் காதில் விழவே இல்லையா, சாமி?
அவர் முழங்கையைச் சொறிந்தார்.
வெகுநேரம் சொறிந்தார்.
பிறகு கையை உயர்த்திப்
பாவமன்னிப்புத் தந்தார்,
எந்தப் பாவத்துக்கென்று சொல்லாமல்.

நீலத் தார்ப்பாய் கட்டினேன்.
மழை அதை இரவெல்லாம் அறைந்தது.
செபமாலையில் பத்து மணி தாண்டியதும்
விரல் நின்றுவிடும்.
எதையும் கேட்கக்கூடாதென்று
என் வாயை நானே கண்விட்டுக் கண் தைத்துவைத்திருந்தேன்.

ஐப்பசியில் கொத்தனார் கோ மியோ வந்தான்.
இடுப்புயரம் கட்டியவன் நிறுத்தினான்.
"கல் போதாது அக்கா.
இடிந்த பள்ளிக்கூடத்துச் சட்டம் ஒன்று
என்னிடம் கிடக்கிறது.
நடுவில் வைத்தால் நாற்பது கல் மிச்சம்."
சத்தியமாய் நான் வாய் திறக்கவில்லை.
சட்டத்தைத் தூக்கி வைத்தான்.
அளவுநாடா கழுத்தில்தான் தொங்கியது.
அளந்து பார்க்கவில்லை நான்.
ஒன்றரை கஜம் இருந்தாலும் பயம்,
இல்லாவிட்டாலும் பயம்.

அடுத்த வியாழக்கிழமை
"டோ கின் ஏக்காக" என்றேன்.
யாரென்று கேட்டார்கள்.
பொத்தான்காரி என்றேன்.
கொஞ்சம் தயங்கித்தான் ஆமென் சொன்னார்கள்.
இப்போது பொத்தான்களை நானே தைக்கிறேன்.
அவள் நூலை இரண்டு சுற்றுக் கூட்டிச் சுற்றுவாள்;
நானும்.

தலை நிமிர்ந்தால் தண்ணீர்.
தேயிலைச் சாயம்போல் பழுப்பு,
நடுவில் ஒரு மணல்திட்டு,
யாரோ கடலை விதைத்திருக்கிறார்கள்.
அழகாய் இருக்கிறது, ஆண்டவரே.
அழகாய் இருக்கிறதென்று சொல்ல
இன்னும் நாக் கூசுகிறது.
உமக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் நான் முன்னமே யோசிக்கவில்லை.
மூன்று மணிக்குமேல் மேற்கு வெயில்
முகத்தில் அடிக்கிறது.
ஒரு திரை வேண்டும்.
வெட்டுத்துணி வீட்டிலேயே இருக்கிறது,
நானே தைத்துக்கொள்வேன்.
இதற்கெல்லாம் உம்மைக் கூப்பிட வேண்டியதில்லை.

இருந்தாலும்
காதில் போட்டுவைக்கிறேன்.